ஹெல்த்கேர்.கவ் இணையதளத்தின் செயல்திறன் அளவீடு

ஹெல்த்கேர்.கவ் என்பது தனியாக மருத்துவக் காப்பீடு வாங்குவோருக்காக ஐக்கிய அமெரிக்க நடுவண் அரசு 2013 அக்டோபர் 1 அன்று தொடங்கிய இணையதளம் ஆகும். தொடங்கிய அன்றே இத்தளம் முடங்கியது. தளம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை எதைக் கொண்டு கணக்கிடுவது, அக்கணக்கை மக்களிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்விகள் அடுத்த ஓராண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டன. அரசு இணையதளங்களின் செயல்திறனை அளவிடும் வரலாற்றில் இது முக்கியமான நிகழ்வாகக் கருதப்படுகிறது.

பின்னணி

அதிபர் பராக் ஒபாமா 2010 மார்ச் 23 அன்று கையெழுத்திட்ட சட்டம், பெரும்பாலான மக்கள் 2014 முதல் மருத்துவக் காப்பீடு பெற்றிருக்க வேண்டும் என்றது. தவறினால் 2018 வரை அபராதம் இருந்தது. ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் காப்பீடு மறுப்பதையும் அச்சட்டம் தடை செய்தது. சில மாநிலங்கள் சொந்தத் தளங்களை அமைத்தன. மற்ற 36 மாநிலங்களின் மக்கள் ஹெல்த்கேர்.கவ் தளத்தையே நம்பியிருந்தனர். 2014 சனவரி 1 முதல் காப்பீடு வேண்டுமெனில் டிசம்பருக்குள் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே தளம் இயங்காத ஒவ்வொரு நாளும் காப்பீடு தேடியவர்களுக்கு இழப்பாக இருந்தது.

முதல் நாளின் இரண்டு எண்கள்

முதல் 24 மணி நேரத்தில் 47 இலட்சம் பேர் தளத்துக்கு வந்ததாக அரசு அறிவித்தது. மக்களின் ஆர்வத்துக்கு அது சான்றாகக் காட்டப்பட்டது. அக்டோபர் இறுதியில் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவையின் குழு ஒன்று வெளியிட்ட உள் கூட்டக் குறிப்புகளில் வேறோர் எண் இருந்தது. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் 6 பேர். இரண்டாம் நாள் முடிவில் அது 248 ஆனது. அக்டோபர் முழுவதற்குமாக இத்தளத்தின் வழியே திட்டம் தேர்ந்தெடுத்தவர்கள் 26,794 பேர் என்று அரசு நவம்பரில் தெரிவித்தது.

இரண்டு எண்களும் உண்மையே. முதலாவது வாசலுக்கு வந்தவர்களைக் கணக்கிட்டது. இரண்டாவது வேலையை முடித்துச் சென்றவர்களைக் கணக்கிட்டது.

சீரமைப்பும் டிசம்பர் அறிக்கையும்

சீரமைப்புப் பணி ஜெஃப்ரி சைன்ட்ஸ் தலைமையில் நடைபெற்றது. கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கி டிக்கர்சன் உள்ளிட்ட பொறியாளர்கள் இதில் சேர்ந்தனர். தளத்தின் நிலையை ஒரே இடத்தில் காட்டும் கண்காணிப்புப் பலகை அதுவரை இல்லை. அதனால் எந்தப் பகுதி பழுதானது என்பதை அறிவதே கடினமாக இருந்தது. பலகை அமைத்த பின்னரே எதை முதலில் திருத்துவது என்று முடிவெடுக்க முடிந்தது.

நவம்பர் இறுதிக்குள் "மிகப் பெரும்பாலான பயனர்களுக்கு" தளம் சரியாக இயங்கும் என்று அரசு உறுதியளித்திருந்தது. டிசம்பர் 1 அன்று வெளியான முன்னேற்ற அறிக்கை தந்த முதன்மை அளவுகள்:

- மறுமொழி நேரம்: 8 வினாடியிலிருந்து 1 வினாடிக்கும் குறைவு
- பிழை வீதம்: 6 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்கும் குறைவு
- தளம் இயங்கிய நேரம்: 42.9 விழுக்காட்டிலிருந்து 95.1 விழுக்காடு
- ஒரே நேரத்தில் தாங்கும் பயனர்கள்: 50,000

அளவுகள் காட்டாதவை

இந்த நான்கும் கணினி அமைப்பின் நலத்தைக் காட்டின. தளத்தில் பதிந்தவரின் விவரம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிழையின்றிச் சேர்ந்ததா என்பதை இவற்றால் அறிய இயலாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அனுப்பிய பதிவுப் படிவங்களில் நான்கில் ஒன்று வரை பிழையுடையதாக இருந்திருக்கலாம் என்று டிசம்பரில் அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். திரையில் பதிவு முடிந்ததாகக் கண்ட ஒருவர், நிறுவனத்தின் பட்டியலில் இல்லாமலும் போயிருக்கலாம்.

"பதிவு செய்தவர்" என்ற சொல்லும் சிக்கலானது. திட்டத்தைத் தேர்ந்தெடுத்த அனைவரையும் அரசு அவ்வாறே கணக்கிட்டது. ஆனால் முதல் மாதப் பிரீமியம் கட்டினால்தான் காப்பீடு தொடங்கும். மாநிலத் தளங்களையும் சேர்த்து 2014 ஏப்ரலில் 80 இலட்சம் பேர் என்று அறிவிக்கப்பட்டதும் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணிக்கையே.

பல் காப்பீட்டுக் குழப்பம்

2014 செப்டம்பரில், பிரீமியம் கட்டியவர்கள் 73 இலட்சம் பேர் என்று அரசு அறிவித்தது. தனிப் பல் காப்பீடும் வாங்கிய ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதில் இருமுறை கணக்கிடப்பட்டிருந்தது நவம்பரில் தெரியவந்தது. அவர்களைக் கழித்தால் எண்ணிக்கை 70 இலட்சத்துக்குக் கீழே இறங்கியது. நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலகம் 2013இல் கணித்திருந்த எண்ணிக்கையும் 70 இலட்சமே என்பதால், இத்தவறு அரசியல் ஐயத்தை வளர்த்தது. அப்போதைய துறைச் செயலாளர் சில்வியா பர்வெல் தவறை ஏற்றுக்கொண்டார்.

பின்விளைவுகள்

2014 ஆகத்தில் அமெரிக்க டிஜிட்டல் சேவை என்ற அமைப்பு வெள்ளை மாளிகையின் கீழ் தொடங்கப்பட்டது. மைக்கி டிக்கர்சன் அதன் முதல் தலைவரானார். 2015 மார்ச்சில் அனலிட்டிக்ஸ்.யூஎஸ்ஏ.கவ் என்ற பொதுப் பலகை வெளியானது. நடுவண் அரசின் தளங்களில் அந்நேரத்தில் எத்தனை பேர் உள்ளனர் என்பதை அதில் யாரும் பார்க்கலாம். அரசின் கணக்கு மக்கள் பார்வைக்கு வந்தது பெரிய மாற்றமே. எனினும் அப்பலகை முதன்மையாகக் காட்டுவது வருகைகளை. வந்தவர் தம் வேலையை முடித்தாரா என்பதை ஒவ்வொரு துறையும் தனியே கணக்கிட வேண்டியுள்ளது.