எந்தக் கிலோ?

சமையலறைச் சுவரில் "ஒரு கரண்டி உப்பு" என்று எழுதி ஒட்டியிருந்தால், புதிதாக வேலைக்கு வாற பெடியன் கேட்கிற முதல் கேள்வி "எந்தக் கரண்டி அண்ணை?" என்பதுதான். கணினிக்காரர் இந்தக் கேள்வியைக் கனகாலம் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

கிலோ என்றால் 1000. ஆனால் கணினி நினைவகம் இரண்டின் அடுக்குகளில் போவது. இரண்டைப் பத்துத் தரம் பெருக்கினால் 1024. ஆயிரத்துக்குக் கிட்டத்தானே என்று அதையும் கிலோ என்றார்கள். கிலோவில் வித்தியாசம் 2.4 வீதம்தான். மெகாவில் 4.9, கிகாவில் 7.4, டெராவில் ஏறக்குறைய 10 வீதம்.

பழைய மூன்றரை அங்குல பிளொப்பியில் 1.44 மெகாபைற் என்று இருக்கும். உண்மையில் 1,474,560 பைற். அதாவது 1440ஐ 1024 ஆல் பெருக்கியது. அந்த மெகா 1000 தர 1024. இரண்டு கணக்கிலும் சேராத மூன்றாவது கணக்கு!

1998 டிசம்பரில் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குக் கிபி, மெபி என்று புதுப் பெயர்கள் வைத்தது. (கிகாவுக்கு வைத்த பெயரும் தமிழில் எழுதக் "கிபி" என்றே வரும், நமக்கு அது தனித் தலையிடி.)

லினக்ஸ் கேர்ணலில் இந்த வரலாறு முழுவதும் படிந்து கிடக்கிறது. நினைவகத்தைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் இன்றும் "கேபி" என்றுதான் இருக்கிறது, பொருள் 1024 பைற். அதை நம்பி எத்தனையோ நிரல்கள் ஓடுவதால் தொட முடியாது. வன்தட்டைக் கண்டதும் மட்டும் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்கிறது.

நிரலுக்குள் ஆபத்து இன்னும் கூட. அளவுகளைப் பதினறும எண்ணில் எழுதும்போது ஒரு பூச்சியம் கூடினால் 1 மெகா 16 மெகா ஆகிவிடும். சாதாரண நிரலில் பிழை என்றால் அந்த நிரல் விழும். கேர்ணலில் என்றால் அடுத்தவன் நினைவகத்தில் கை வைக்கும், முழுக் கணினியும் விழலாம். ஏஆர்எம் பகுதியில் இருந்த "எஸ்இசட்_4கே", "எஸ்இசட்_1எம்" போன்ற பெயர்களைப் பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். 4கே என்றால் 4096, வேறு அர்த்தம் கிடையாது. பூச்சியம் எண்ணத் தேவையில்லை.

அப்பிள் 2009இல் தன் மக் கணினிகளில் வன்தட்டை 1000 கணக்குக்கு மாற்றியது. விண்டோஸ் இன்னும் 1024தான். ஆகவே 500 கிகா வன்தட்டு வாங்கி அதில் 465 என்று கண்டால் கடைக்காரனோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவன் களவெடுக்கவில்லை, கரண்டிதான் வேறு.