காட்டூரின் பெயர் தாங்கிய சட்டம்

பாரிஸுக்கு வடகிழக்கே, ரெத்ஸ் என்னும் பெருங்காட்டினூடே வில்லேர்-கோத்ரே என்றொரு சிற்றூர் உண்டு. நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா 1802இல் பிறந்த ஊர் அது. வேட்டைப் பிரியனான முதலாம் பிரான்சுவா மன்னன் அங்கே மாளிகை எழுப்பினான். அதனாலேயே நாட்டின் பெருஞ்சட்டம் ஒன்று அக்காட்டூரின் பெயரைத் தாங்கிற்று. 1539 ஆகஸ்டில் பிறந்த அவ்வாணை, நீதிமன்ற ஆவணங்களினின்று லத்தீனை விலக்கிப் பிரெஞ்சை அமர்த்தியது. கோவில்களில் ஞானஸ்நானப் பதிவேடு வைக்கவும் விதித்தது.

தன் வழக்கின் தீர்ப்பு தனக்கே விளங்கவேண்டும் என்பது குடிமகனின் உரிமையன்றோ! ஆயினும் பிரெத்தோனும் ஒக்சித்தானும் பேசிய எளிய மக்களுக்குப் பிரெஞ்சும் அயல்மொழியே. மன்னன் கதவைப் பாதியே திறந்தான் என்பது என் கருத்து. பிற்காலத்தில் வறியோர் விடுதியாயிருந்த அம்மாளிகை, 2023இல் பிரெஞ்சு மொழிக்கான பண்பாட்டு நிலையமாயிற்று. அதைக் காணச் செல்வோர் திறவாத மறுபாதியையும் நினைவிற்கொள்வாராக.