சிதம்பரம் கரணச் சிற்பங்களும் கணினி அசைவூட்டமும்: ஓர் ஒப்பாய்வு

கடலூர் மாவட்டம் சிதம்பரம் நடராசர் கோயிலின் நான்கு கோபுர வாயில்களிலும் பரதரின் நாட்டிய சாத்திரம் கூறும் கரணங்கள் புடைப்புச் சிற்பங்களாக இடம்பெற்றுள்ளன. அந்நூலின் நான்காம் இயல் கரணங்களை 108 எனத் தொகுக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்கள் மட்டுமே செதுக்கப்பெற்றுள்ளன. எஞ்சிய 27 இடங்கள் வெறுமையாக உள்ளன. சிதம்பரத்தின் கிழக்கு, மேற்குக் கோபுரங்களிலோ சிற்பங்களை ஒட்டி அவற்றிற்குரிய இலக்கணச் சுலோகங்கள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பெற்றுள்ளன. ஆதலின் எச்சிற்பம் எக்கரணத்தைக் குறிக்கிறது என்பதை அறிய அவை பெரிதும் துணைசெய்கின்றன.

எனினும் கரணத்தின் பெயரை அறிவதனால் அதன் அசைவு புலப்பட்டுவிடாது. கையும் காலும் இயைந்த இயக்கமே கரணம். கல்லில் அதன் ஒரு கணமே நிற்கும். கரணங்களைப் பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த பத்மா சுப்ரமணியம், நிற்கும் நிலை, காலின் இயக்கமாகிய சாரி, கையின் இயக்கமாகிய நிருத்த ஹஸ்தம் ஆகிய மூன்றும் சேர்ந்த இயக்க அலகே கரணம் என நிறுவினார். அவ்வாறாயின், ஒரு கணத்திலிருந்து முழு அசைவை மீட்பது எவ்வாறு என்னும் வினா எழுகிறது.

கணினி அசைவூட்டமும் இவ்வினாவை எதிர்கொண்டது. பீட்டர் ஃபோல்டெஸ் கனடாவில் உருவாக்கிய 'ஹங்கர்' (1974) குறும்படத்தில், ஓவியர் முதன்மை நிலைகளை வரைய, இடைநிலைகளைக் கணினி கணக்கிட்டது. அக்கணக்கீடு கோடுகளின் வடிவியலைச் சார்ந்தது. உடலின் எடையையோ தசையின் நெகிழ்வையோ அது அறியாது. 1987-இல் டெமெட்ரி டெர்சோபோலஸ், ஜான் பிளாட், ஆலன் பார், கர்ட் ஃபிளைஷர் ஆகியோர் மீள்தன்மைக் கோட்பாட்டை வரைகலையிற் புகுத்தினர். வளைக்கப்பட்ட பொருள் தன் இயல்வடிவிற்குத் திரும்ப முயலும் விசை இதனாற் கணிக்கப்பட்டது. துணி, இரப்பர் போன்றவற்றின் உருமாற்றம் அவற்றின் பொருட்பண்பின் விளைவாயிற்று.

கரணங்களைக் கணினியில் மீட்டுருவாக்குவோர்க்கு இவ்விரு முறைகளின் எல்லையும் தெரிந்திருத்தல் வேண்டும். முதல் முறை, எந்த ஆடலரும் இயக்க இயலாத இடைநிலைகளைத் தரக்கூடும். இரண்டாவது முறை ஆடையின் அலைவைக் கணிக்கும். கால் எத்திசையில், எவ்வொழுங்கில் எழ வேண்டும் என்பதைக் கூறாது. அதற்குச் சான்று சுலோகமே. அச்சுலோகமும் சுருக்கமானதாதலின் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களுக்கு இடந்தருகிறது.

எனவே மீட்டுருவாக்கத்தில் கல் தருவது எது, சுலோகம் தருவது எது, ஆய்வாளர் ஊகம் எது எனப் பிரித்துக் காட்டுதல் இன்றியமையாதது. இல்லையேல் திரையில் இயங்கும் ஊகம், பின்வரும் ஆய்வாளர்க்கு மூலச் சான்றாகத் தோன்றிவிடும்.