நரோரா, 1993: ஒரு தீவிபத்தும் இரு வாசிப்புகளும்

அணுமின் பாதுகாப்பு குறித்து நம் கருத்தரங்குகளில் பேச்சு எழும்போது செர்னோபிலும் ஃபுகுஷிமாவும் தவறாமல் வந்துவிடுகின்றன. நரோரா அரிதாகவே வருகிறது.

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் அமைந்த அந்நிலையத்தின் முதல் அலகில், 1993 மார்ச் 31 அதிகாலை, டர்பைனின் இறக்கைத் தகடுகள் முறிந்தன. அதனால் எழுந்த கடும் அதிர்வில், மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. மாற்று மின்சாரத்துக்கான கேபிள்களும் முதன்மைக் கேபிள்களுடன் ஒரே தடத்தில் சென்றிருந்தன, எல்லாம் எரிந்தன. சுமார் 17 மணி நேரம் அந்த அலகுக்கு மின்சாரமே இல்லை. கட்டுப்பாட்டறையில் புகை நிரம்பியதால் ஊழியர்கள் வெளியேற நேர்ந்தது. உலை உடனடியாக நிறுத்தப்பட்டிருந்தது, உண்மைதான். ஆனால் நிறுத்திய உலையிலும் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். ஊழியர் சிலர் கைவிளக்குகளுடன் உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, போரான் கரைசலுக்கான வால்வுகளைக் கையாலேயே திறந்தனர். டீசல் எந்திரத்தால் இயங்கிய தீயணைப்புப் பம்புகளின் நீர் நீராவி உற்பத்திக் கலன்களுக்குச் செலுத்தப்பட்டது.

கதிர்வீச்சு வெளியேறவில்லை. ஆகவே அணுசக்தித் துறை சார்ந்தோர் இதனைப் பாதுகாப்பு வடிவமைப்பின் வெற்றியாக வாசிக்கின்றனர். அந்த வாசிப்பைப் புறந்தள்ள இயலாது. எனினும், இத்தகைய தகடுகளின் வடிவமைப்புக் குறை குறித்து 1989இலேயே எச்சரிக்கை வந்திருந்தது. கேபிள்களைப் பிரித்து அமைக்க வேண்டும் என்பதோ 1975இல் அமெரிக்காவின் பிரௌன்ஸ் ஃபெரி நிலையத் தீ கற்பித்த பாடம். 18 ஆண்டுகள் அதற்குப் போதவில்லையா?

என் கேள்வி பொறியியல் சார்ந்ததன்று, ஆவணம் சார்ந்தது. 1983இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அணுசக்தி ஆணையத்துக்கே பதில் சொல்லும் அமைப்பாக உருவாக்கப்பட்டது. ஆணையத்தின் தலைவரே துறையின் செயலாளர். வாரியத் தலைவராக 1993 முதல் 1996 வரை இருந்த அ. கோபாலகிருஷ்ணன் காலத்தில், 1995இல், துறையின் நிலையங்களில் காணப்பட்ட சுமார் 130 பாதுகாப்புச் சிக்கல்களைத் தொகுத்த ஆவணம் ஒன்று தயாரானது. அதனை வெளியிடக் கோரி மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குத் தொடுத்தது. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவைக் காட்டி அரசு மறுத்தது. மறுத்தது செல்லும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஃபுகுஷிமாவுக்குப் பின், தனி ஒழுங்குமுறை ஆணையம் அமைப்பதற்கான மசோதா 2011இல் நாடாளுமன்றத்தில் அறிமுகமாயிற்று. 2014இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது.