பூட்டிய கைப்பேசியும் தங்கவயலின் தொடர்வண்டியும்

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு ஒரு மாதம் முன்பு, அதே ஆண்டு சனவரியில், தில்லியில் தொலைத்தொடர்புத் துறை ஒரு வழிகாட்டு நெறியை வெளியிட்டிருந்தது. தரைவழித் தொலைபேசி உரிமம் பெற்ற நிறுவனங்கள் கம்பியில்லாக் கருவிகளையும் தரலாம். ஆனால் அக்கருவி ஒரு குறுந்தொலைவுக் கட்டணப் பகுதிக்குள் மட்டுமே நகரலாம் என்பது அதன் சாரம். இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இந்தியக் கைப்பேசி வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி புலப்படும்.

குறுந்தொலைவுக் கட்டணப் பகுதி என்பது, எளிமையாகச் சொன்னால், ஒரே எஸ்டிடி குறியீட்டுக்குள் அடங்கும் நிலப்பரப்பு. தங்கவயலும் பங்காருப்பேட்டையும் 08153, பெங்களூர் 080. சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயலின் ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் விடியுமுன் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் திரும்பும் வாழ்க்கைக்கு மாறினர். 2001ஆம் ஆண்டின் விதியை இந்த ஊரின்மேல் வைத்துப் பாருங்கள். 08153இல் வாங்கிய கருவி வீட்டில் இருக்கும்வரை பேசும். பிழைப்புக்குப் போகும் ஊரில் பேசாது. வேலைக்குப் போனவருக்கு வீட்டிலிருந்து செய்தி சொல்ல வேண்டிய நேரம் எதுவோ, அந்த நேரத்தில் அது ஊமை. விதியை வகுத்தவர்கள் மனத்தில் இருந்தது செல்பேசி நிறுவனங்களுக்கும் தரைவழி நிறுவனங்களுக்கும் இடையிலான உரிமச் சண்டை. நாள்தோறும் இரு குறியீடுகளுக்கு நடுவே போய்வரும் தொழிலாளி அந்தக் கணக்கில் வரவில்லை.

ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 2002 டிசம்பர் 28 அன்று, திருபாய் அம்பானியின் பிறந்தநாளில், இந்த விதியின் கீழேயே தன் சிடிஎம்ஏ சேவையைத் தொடங்கியது. அஞ்சலட்டையைவிட மலிவாகப் பேச வேண்டும் என்பது அவர் கனவு என்று விளம்பரம் சொன்னது. வரையறுக்கப்பட்ட நகர்வு என்ற எல்லையை, ஒரே கருவியைப் பல பகுதிகளில் பதிவு செய்தும் அழைப்புகளை மாற்றி விட்டும் அந்நிறுவனம் நடைமுறையில் தாண்டியது. செல்பேசி நிறுவனங்கள் வழக்காடின. 2003 நவம்பரில் ஒருங்கிணைந்த உரிமம் வந்து, அபராதத்துடன் சண்டை முடிந்தது.

இடம் சார்ந்த பூட்டு அத்துடன் திறந்தது. கருவி சார்ந்த பூட்டு அப்படியே இருந்தது.

2003 சூலையில் வந்த ‘மான்சூன் ஹங்காமா’ திட்டத்தில் 501 ரூபாய் கட்டினால் கைப்பேசியும் இணைப்பும் கையில் கிடைக்கும். மீதி மாதத் தவணையில். சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால்தான் கைப்பேசி என்றிருந்த காலம் அது. ஆனால் எல்ஜியும் சாம்சங்கும் செய்துகொடுத்த அந்தக் கருவிகளில் சிம் அட்டை கிடையாது. ஒவ்வொரு கருவியிலும் 32 பிட் கொண்ட மின்னணு வரிசை எண் பதிக்கப்பட்டிருக்கும். தொலைபேசி எண்ணும் கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். தன் பட்டியலில் இல்லாத வரிசை எண்ணை வலையமைப்பு ஏற்காது. எனவே எந்த மாதிரி விற்பனைக்கு வரலாம், அதில் என்னென்ன வசதி திறந்திருக்கலாம், பட்டியல் திரையில் முதலில் எது தெரிய வேண்டும் என்பவற்றையெல்லாம் உற்பத்தியாளரைவிட வலையமைப்பே முடிவு செய்தது.

மொழி இதைத் துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறது. ஜிஎஸ்எம் வைத்திருந்தவர் ‘நோக்கியா வாங்கினேன், ஏர்டெல் சிம் போட்டேன்’ என்று இரண்டு வினைகளில் சொன்னார். சிடிஎம்ஏ வைத்திருந்தவருக்கு ‘ரிலையன்ஸ் போன்’, ‘டாடா இண்டிகாம் போன்’ என்ற ஒரே பெயர்த்தொடர் போதுமானதாக இருந்தது. கருவியும் சேவையும் வேறு வேறு என்ற எண்ணமே அத்தொடருக்குள் நுழைய முடியாது.

தங்கவயலுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய காலத்திலும், பின்னர் அரசுடைமையான காலத்திலும், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள் சுரங்கத்துக்கு உரியவை. வேலை எங்கேயோ வீடும் அங்கேயே. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரமும் முதலில் சுரங்கத்துக்கென வந்ததே. சுரங்கம் மூடியதும், தலைமுறைகளாகக் குடியிருந்த வீட்டில் தமக்கு என்ன உரிமை என்ற கேள்வியோடு குடும்பங்கள் நின்றன. வீட்டையும் கைப்பேசியையும் ஒரே தட்டில் வைப்பது மிகை என்று தோன்றலாம், அளவில் மிகைதான். சேவை தருபவர் நின்றுவிட்டால் கையிலிருக்கும் பொருள் யாருடையது என்ற கேள்வி மட்டும் இரண்டிலும் ஒன்று.

அமெரிக்கா இக்கேள்வியை 1968இல் சந்தித்தது. வீட்டுத் தொலைபேசிகூட பெல் நிறுவனத்தின் உடைமையாக இருந்த நாட்டில், டெக்சாசைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டரின் கருவியைத் தொலைபேசித் தடத்தோடு இணைக்கலாம் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது. (நம் ஊரிலும் தபால் தந்தித் துறை கொடுத்த கறுப்புக் கருவிதான் வெகுகாலம் ஒரே கருவி.) ஆனால் அந்தத் தீர்ப்பு கம்பித்தடத்தோடு நின்றது. 2007இல் ஐஃபோன் வந்தபோது அது ஏடி&டி வலையமைப்புக்கு மட்டுமே உரியதாக வந்தது; வெரைசன் வாடிக்கையாளர்கள் 2011 பிப்ரவரிவரை காத்திருந்தனர்.

இந்தியாவில் ஐஃபோன் 3ஜி 2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல், வோடஃபோன் வழியாக வெளிவந்தது. எட்டு ஜிபி மாதிரியின் விலை 31,000 ரூபாய். அமெரிக்காவில் ஈராண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலருக்குக் கிடைத்த கருவி அது. இங்கே முழு விலையும் கொடுக்க வேண்டும், பூட்டும் உண்டு. சலுகை இல்லாத பூட்டை இந்திய வாடிக்கையாளர் ஏற்கவில்லை. முன்பணச் சந்தாவும், யாரும் எங்கும் வாங்கக்கூடிய கைப்பேசியும், தனியே விற்ற சிம்மும் அவரை வேறு விதமாகப் பழக்கியிருந்தன. மேற்கத்திய முறை இங்கே வேரூன்றாததற்குச் சட்டத்தைவிட இந்தப் பழக்கமே முதன்மைக் காரணம் எனலாம்.

501 ரூபாய்க் கருவியைக் கண்மூடிக் குறை சொல்வதும் நேர்மையாகாது. அந்தப் பூட்டு இல்லாமல் அந்த விலை இல்லை. தவணை கட்டாதோரின் நிலுவை நிறுவனத்தையே திணறடித்தது என்பதும் உண்மை. ஊதியம் நின்ற ஒரு வீட்டுக்கு முதல் கைப்பேசி வந்த வழிகளுள் அதுவும் ஒன்று.

2011 சனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி வந்தது. சிடிஎம்ஏ வைத்திருந்தவர் எண்ணை எடுத்துக்கொண்டு ஜிஎஸ்எம்முக்குப் போகலாம்; கருவியை எடுத்துப் போக முடியாது. 2016இல் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் சிடிஎம்ஏ சேவையைக் கைவிட்டு 4ஜிக்கு மாறியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவிகளுக்கும் அன்றோடு அழைப்பு நின்றது. பழுது பார்க்கவோ வேறு சிம் போடவோ வழியில்லை. 2017 டிசம்பர் தொடக்கத்தில் அந்நிறுவனம் குரல் சேவையையே மூடியது.

சிடிஎம்ஏ ஓடிய அதே 800 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை, பகிர்வு ஒப்பந்தத்தின் வழியே ஜியோவின் 4ஜிக்குப் பயன்பட்டது. 2017 சூலை 21 அன்று ஜியோஃபோன் அறிவிக்கப்பட்டது. 1,500 ரூபாய் வைப்புத்தொகை; மூன்றாண்டு கழித்துக் கருவியைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும்; அதற்கு ஆண்டுதோறும் குறைந்தது 1,500 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும். இம்முறை கருவிக்குள் சிம் இருந்தது. ஜியோ சிம் மட்டுமே அதில் வேலை செய்தது.