குடித்தொகை, சாகியம், மூலதனம்: கோப்பியின் வீழ்ச்சி பற்றிய ஒரு நோக்கு

உயிரியல் பயிலும் மாணவர்க்குச் சூழலியலின் வாயிலிலேயே இரு எண்ணக்கருக்கள் அறிமுகமாகின்றன. குறித்த காலத்தில் குறித்த இடத்தில் வாழும் ஒரே இன அங்கிகளின் தொகுதி குடித்தொகை எனப்படும். ஓரிடத்தில் வாழ்ந்து தம்முள் இடைத்தாக்கமுறும் பல்வேறு இனக் குடித்தொகைகளின் கூட்டு சாகியம் எனப்படும். இவ்வரைவிலக்கணங்கள் தெளிவானவை. ஆயினும், இவை சுட்டும் உறவுகள் வரலாற்றுக்குப் புறம்பானவை போன்றே பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றன. அது பொருந்தாது என்பதை இலங்கைக் கோப்பிப் பெருந்தோட்டங்களின் வீழ்ச்சியைக் கொண்டு விளக்குவதே எமது நோக்கமாகும்.

இவ்வெண்ணக்கருக்களும் சமூகச் சூழலிலிருந்தே தோன்றியவை என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும். மல்தஸ் 1798இல் எழுதியது விலங்குகளைப் பற்றியன்று, வறியோரைப் பற்றியே. அவரது நூலை டார்வின் 1838இற் படித்தார். குடித்தொகை வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு என்பதனை வேர்ஹல்ஸ்ற் கணிதச் சமன்பாடாக்கியதும் அதே ஆண்டிலாகும். சாகியம் பற்றிய சிந்தனைக்கு வித்திட்டோருள் ஒருவரான ஜேர்மானியர் கார்ல் மோபியஸ், வணிகத்திற்கான மிகைப்பிடிப்பாற் சிப்பிப் படுக்கைகள் வறிதாகியமையை ஆராய்ந்தே 1877இல் தமது கருத்தை வெளியிட்டார். சந்தை அழித்த ஒன்றைப் புரிந்துகொள்ளும் முயற்சியில் ஓர் அறிவியல் எண்ணக்கரு உருப்பெற்றது எனலாம்.

இனி, கோப்பியை நோக்குவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அவ்வாறு பெறப்பட்ட மலைக்காடுகள் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. 1870களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் கோப்பி செழித்தது. சூழலியல் மொழியிற் கூறுவதாயின், எண்ணற்ற இனங்கள் கொண்ட சாகியமொன்று அகற்றப்பட்டு, அவ்விடத்தில் ஒரேயோர் இனத்தின் இடையறாக் குடித்தொகை நிறுவப்பட்டது. இம்மாற்றத்தை ஏற்படுத்தியது இயற்கையன்று. ஏற்றுமதிச் சந்தையும் அதற்குத் துணைநின்ற குடியேற்ற அரசுமேயாகும்.

1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சட் பொட்டுகள் காணப்பட்டன. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, பேர்க்லி என்பார் அப்பங்கசுக்கு ஹெமிலெயா வஸ்ராற்றிக்ஸ் எனப் பெயரிட்டார். கோப்பிச் செய்கையைப் பாடுபொருளாகக் கொண்ட ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே என்பது இலக்கிய மாணவர் கருதற்பாலது. கும்மிக்குப் பொருளாகுமளவு கோப்பி மலையக வாழ்வை ஆட்கொண்டிருந்த வேளையிலேயே அதன் அழிவும் தொடங்கியிருந்தது.

இந்நோயின் இயக்கம் குடித்தொகைச் சூழலியலின் அடிப்படைப் பாடமொன்றாகும். பங்கசின் வித்திகள் காற்றிற் பரவுகின்றன. ஈரலிப்பான இலையில் முளைக்கின்றன. ஓரிலையில் விளையும் வித்திகளிற் பெரும்பாலானவை வேறொரு கோப்பி இலையை அடையாமலே அழிந்துபோம். காட்டிடையே தனித்து நிற்கும் கோப்பிச் செடியை நோய் தாக்கினும் அது பரவுவதற்கான வாய்ப்பு அரிது. ஆயின், விருந்துவழங்கியின் அடர்த்தி கூடுந்தோறும் வித்தி இலக்கை அடையும் வாய்ப்பும் கூடுகிறது. அடர்த்திசார் காரணி என்பதன் பொருள் இதுவே. மலை தோறும் இடைவெளியின்றி நின்ற கோப்பி, ஒட்டுண்ணியின் குடித்தொகைக்கு எல்லையற்ற உணவாயிற்று.

1880இல் இலங்கை வந்த மார்ஷல் வார்ட் இதனைத் தெளிவாகக் கண்டார். பங்கசின் வாழ்க்கை வட்டத்தை இரு ஆண்டுகள் ஆராய்ந்த அவர், நோய்க்குக் காரணம் மரத்தின் நலிவன்று, பங்கசே என நிறுவினார். இடையீடற்ற ஒற்றைப்பயிர்ச் செய்கையே அதன் பெருக்கத்திற்கு வழிவகுத்தது எனவும் எடுத்துக்காட்டினார். எனினும், கடனில் நடந்த தோட்டங்களால் மரங்களுக்கிடையே காட்டை மீண்டும் வளர்த்தல் இயலாது. அறிவு கிடைத்தது, அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பை உற்பத்தி உறவுகள் மறுத்தன.

1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. மூலதனம் தேயிலைக்கு மாறியது. ஒற்றைப்பயிர் முறை மாறவில்லை. 1946இல் தேயிலையிற் கொப்புள நோய் தோன்றியபோது பழைய பிரச்சினை புதிய பயிரில் எழுந்தது. பல்லினத்தன்மை எப்போதும் உறுதியைத் தரும் என்று நாம் கூறவில்லை. அக்கருத்தை 1973இல் றொபேட் மே கணிதரீதியாகக் கேள்விக்குள்ளாக்கினார். ஒரு சாகியத்தின் அமைப்பைத் தீர்மானிப்பது எது என்பதே எமது வினா.

தொழிலாளர் வாழ்வில் இம்மாற்றம் ஏற்படுத்திய விளைவு ஆழமானது. கோப்பிக்குப் பருவகால உழைப்பே பெரிதும் வேண்டப்பட்டது. தமிழகத்திலிருந்து கங்காணிகளின் கீழ் நடந்து வந்தோருட் பலர் வழியில் மாண்டனர். எஞ்சியோருட் பலர் பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் உழைப்பு வேண்டும். எனவே லயங்களில் நிரந்தரமாக வாழும் ஒரு மக்கட் கூட்டம் உருவாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 975,000 பேரை எண்களாகப் பகுத்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. இப்பங்கீட்டில் அம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை.

ஒவ்வோர் உற்பத்தி முறைக்கும் அதற்கேயுரிய குடித்தொகை விதி உண்டு என 1867இல் வெளியான ‘மூலதனம்’ முதற்பாகத்தில் மார்க்ஸ் வாதிட்டமை இங்கு நினைவுகூரத்தக்கது. பங்கசின் குடித்தொகையை அடர்த்தி கொண்டு விளக்கலாம். மலையக மக்களை ‘மிகை’ ஆக்கியது அடர்த்தியன்று. உழைப்பு வேண்டப்பட்டபோது அழைக்கப்பட்டோர் அரசியற் கணக்கில் மிகையாயினர். சூழலியல் எண்ணக்கருக்களை மனிதருக்குப் பிரயோகிக்குமிடத்து, எல்லையை வகுத்தவர் யார், எவருடைய நலனுக்காக வகுத்தனர் என்ற வினாக்களை எழுப்புதல் இன்றியமையாதது. அவ்வினாக்களின்றிக் கற்கப்படும் அறிவியல் முழுமையான அறிவியலாகாது.