வகுப்பறை அறிவியல் படங்களும் கல்வராயன் மலையும்: நினைவேக்கத்தின் வரலாற்று எல்லை

முன்னுரை

இருட்டாக்கப்பட்ட வகுப்பறை, படவீழ்த்தியின் ஓசை, வெண்திரையில் விரியும் மலர் ஆகியன பழைய அறிவியல் படங்கள் குறித்த நினைவேக்கத்தின் அடையாளங்களாகும். அவ்வேக்கம் அனைவர்க்கும் பொதுவானதன்று. படங்கள் சென்றடைந்த வகுப்பறைகளுக்கே உரியது. கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையை முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

படச்சுருளும் பாடவேளையும்

16 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 40 சட்டகங்கள் உள்ளன. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும்போது 400 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடங்களில் முடியும். ஆகவே, ஒரு பாடவேளைக்குள் படத்தைக் காட்டி, ஐயம் தீர்த்து, மீண்டும் ஓட்டிக் காட்டவும் இயன்றது. மொட்டு விரிதல் போன்ற மெதுவான நிகழ்வைச் சுருக்கியும், நீர்த்துளி சிதறுதல் போன்ற விரைவான நிகழ்வை நீட்டியும் காட்டியமை கரும்பலகையால் இயலாத பணியாகும். இப்படங்களின் ஈர்ப்புக்கு இதுவே அடிப்படை.

செயற்கைக்கோள் வகுப்பறை

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக இந்தியாவில் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. காலை நேர ஒளிபரப்பு பள்ளிச் சிறார்க்கு உரியது. அது இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஆகிய மொழிகளில் அமைந்தது. ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களே தெரிவு செய்யப்பட்டன. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. 1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது எனினும், அது தலைநகரை மையமாகக் கொண்டது.

கல்வராயன் மலை

மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976இல்தான் முடிவுக்கு வந்தது. விண்வெளியிலிருந்து பாடம் இறங்கிய அதே காலத்தில், நாட்டு விடுதலைக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும், இம்மக்கள் அரசின் நேரடி நிருவாகத்திற்குக் காத்திருந்தனர். சாலை, பள்ளி, மின்சாரம் ஆகியவற்றிற்குப் பின்னரே திரை வர இயலும். எனவே, படவீழ்த்தி இல்லாமை கருவிக் குறை மட்டுமன்று. அது நிருவாக வரலாற்றின் விளைவுமாகும்.

முடிவுரை

2019 ஆகஸ்ட் 26இல் தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சியும், அதே ஆண்டு நவம்பர் 26இல் கள்ளக்குறிச்சி மாவட்டமும் செயற்படத் தொடங்கின. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் பெறுவதற்கு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியோ கைபேசியோ இருத்தல் இன்றியமையாததாயிற்று. பழைய படங்களைப் பாதுகாத்தல் தேவையே. அவற்றோடு, அவை சென்று சேராத ஊர்களின் வரலாற்றையும் பதிவு செய்தால்தான் தமிழகக் கல்வி வரலாறு முழுமை பெறும்.